துறுதுறுவென்ற நாயை மூவறை வீட்டுக்குள் எப்படி வைத்துக்கொள்வது

நான் ரவிக்கை தைப்பவள். சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாவது மாடி, மூவறை வீடு. வரவேற்பறை ஜன்னலோரம் தையல் மிஷின், மிஷினுக்குக் கீழே பட்டாணி. பட்டாணி எங்கள் ஜாக் ரஸ்ஸல் டெரியர் இன நாய். வயது மூன்றரை, எடை ஆறரை கிலோ, வெள்ளை உடம்பு, முதுகில் ஒரு பழுப்புத் திட்டு. வேறொரு குடும்பத்தால் வளர்க்க முடியாமல் போனபோது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகள் அவனைத் தூக்கிவந்தாள். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. காலையில் மகள் படிக்கப் போய்விடுவாள், கணவர் வேலைக்குப் போய்விடுவார். நாள் முழுக்க நானும் அவனும்தான்.

முதல் இரண்டு மாதம் ஒரு ரவிக்கையை முழுதாக உட்கார்ந்து தைத்ததில்லை. மிஷின் சத்தம் கேட்டதும் குரைப்பான். லைனிங் துணியின் நுனியைப் பிடித்து இழுப்பான். முழங்காலில் கால் வைத்துச் சுரண்டுவான். அதட்டினால் விளையாடக் கூப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உயரக் குதிப்பான். ஒருநாள் அவன் வாயோரம் நூல் தொங்குவதைப் பார்த்தேன். இழுக்கப்போன என் கையை மகள் பிடித்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள். இழுக்கவே கூடாது, உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். உள்ளே போன நூல் எங்காவது மாட்டியிருந்தால், இழுக்கும்போது குடலை அறுத்துவிடுமாம். எக்ஸ்ரேயில் ஊசி இல்லை, இரண்டு நாளில் நூல் தானாக வெளியே வந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் மிஷின் பக்கமே போகவில்லை. நூல்கண்டு, ஊசி, கொக்கி, குண்டூசி எல்லாம் அன்றிலிருந்து மூடி போட்ட டப்பாவுக்குள்தான். உங்கள் வீட்டில் வேறு தொழில், வேறு சாமான்கள் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் முதல் வேலை இதுதான்: தரையிலிருந்து உங்கள் இடுப்பு உயரம் வரை அவன் விழுங்கக்கூடிய எதுவும் வெளியே கிடக்கக் கூடாது.

இந்த நாய் ஏன் இப்படி என்று அதன் பூர்விகத்தைப் படித்தபோது எனக்கு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்று வேட்டைப் பிரியரான ஒரு பாதிரியார் இருந்தார். 1819இல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். இந்த வகையின் தாய் அதுதான் என்கிறார்கள். நரி வளைக்குள் தனியாக இறங்க வேண்டும், இருட்டில் மோப்பம் பிடித்துத் தானே முடிவெடுக்க வேண்டும், நரி வெளியே ஓடும்வரை குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருநூறு வருடமாக அதற்காகவே பொறுக்கி எடுத்து வளர்த்த இனம். எங்களுடையது போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதித்த சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஜாக் ரஸ்ஸலும் இருக்கிறது. உடம்பு சின்னது என்பதால் வேலையும் சின்னது என்று நினைத்து நம்மில் பலர் வாங்கிவிடுகிறோம்.

நான் முதலில் எடுத்த வழி நடை. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஈசூன் குளத்தைச் சுற்றிச் சுற்றி வேகமாக நடந்தேன். முதல் வாரம் வீட்டுக்கு வந்ததும் படுத்தான். மூன்றாவது வாரம் தண்ணீர் குடித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். ஓட ஓட அவனுக்குப் பலம்தான் கூடியது. எனக்குக் குதிகால் வலி வந்ததுதான் மிச்சம்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. கத்தரித்துப்போட்ட துண்டுத் துணிகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பேன். ஒருநாள் அவனுடைய தீவன டப்பா கை தவறி அதற்குள் கொட்டிவிட்டது. பட்டாணி தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு உருண்டையாகத் தேடி எடுத்தான். இருபது நிமிடம் ஒரு குரைப்பு இல்லை. முடித்துவிட்டு, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கினான். ஒன்றரை மணி நேர நடை செய்யாததை இருபது நிமிட மோப்பம் செய்தது. அன்று நான் ஒரு ரவிக்கையை முழுதாக முடித்தேன்.

மூக்குக்கு வேலை

பட்டாணிக்கு நாளுக்கு 100 கிராம் உலர் தீவனம். காலையிலேயே அளந்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவேன். அந்த நாளின் விளையாட்டு, பரிசு எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். மேற்கொண்டு தின்பண்டம் கொடுத்தால் உடம்பு பெருத்துவிடும், மூட்டுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் இப்போது கிண்ணம் தண்ணீருக்கு மட்டும்தான்.

துணிப்பாய் நானே செய்தது. துளைகள் உள்ள ரப்பர் மிதியடி ஒன்று வாங்குங்கள். பழைய டி-சட்டைகளை மூன்று விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீற்றையும் ஒரு துளை வழியே விட்டுப் பக்கத்துத் துளையில் எடுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பாய் முழுக்கப் புல் மாதிரி அடர்த்தியாக வரவேண்டும். டி-சட்டைத் துணி ஏன் என்றால், வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. பட்டு, ஜரிகை, மணி வைத்த துணி, நெட் துணி எதுவும் வேண்டாம், நூல் கதைதான் மறுபடியும். இடையில் ஒரு கைப்பிடித் தீவனத்தைத் தூவிக் கையால் கலைத்துவிட்டால் பதினைந்து நிமிடத்துக்கு வேலை. துணியையே மெல்ல ஆரம்பித்தால் பாயை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் தீவனத்தின் எண்ணெய் பட்ட துணி சீக்கிரம் பூசணம் பிடிக்கும், எறும்பும் வரும்.

அடுத்தது இட்லித் தட்டு. பழைய அலுமினியத் தட்டு ஒன்றில் குழிக்கு நாலைந்து உருண்டை போட்டு, ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு டென்னிஸ் பந்தை வைப்பேன். பந்தைத் தள்ளினால்தான் தீவனம். முதல் நாள் எல்லாக் குழியிலும் போடுங்கள். பழகியபின் மூன்று குழியில் மட்டும் போட்டால், எதில் இருக்கிறது என்று முகர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் பந்துகளை எடுத்து வைத்துவிடுங்கள். விட்டால் மேலே உள்ள ரோமத்தை உரித்து விழுங்குவார்கள்.

பழைய குளியல் துண்டை விரித்துத் தீவனம் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். ஒட்டுப்பட்டை, ஸ்டேப்பிள் எல்லாம் நீக்கிய அட்டைப் பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாளோடு போட்டுக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் முதலில் சுலபமாக இருக்கட்டும். கண்டுபிடிக்க முடியாமல் திரும்பி உங்களைப் பார்த்துக் குரைத்தால் கடினமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள், ஒரு படி இறக்குங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'தேடு' விளையாட்டு. அதற்கு ஒரு சாமானும் வேண்டாம். அவன் பார்க்க ஒரு உருண்டையை இரண்டடி தள்ளி வைத்து 'தேடு' என்று சொல்லுங்கள். பத்துத் தடவை இப்படி. பிறகு நாற்காலிக் காலுக்குப் பின்னால். பிறகு அவனை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஐந்து இடங்களில் ஒளித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் பட்டாணி வீடு முழுக்கத் தேடக் கற்றுக்கொண்டான். சமையலறையிலும் சாமி மாடத்துக்குக் கீழேயும் நான் ஒளிப்பதில்லை. அங்கே தேடலாம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் எப்போதும் தேடுவான்.

மதியத்துக்கு ரப்பர் பொம்மை. உள்ளே குழிவானது, கடைகளில் கிடைக்கும். உப்பு போடாமல் வேகவைத்த பூசணியை மசித்துச் சர்க்கரை இல்லாத தயிரோடு கலந்து அடைத்து, இரவே உறைய வைத்துவிடுவேன். நக்கி முடிக்க அரை மணி நேரத்துக்குமேல் ஆகும். நக்குவது நாயை அமைதியாக்கும். கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, விதை எடுத்த ஆப்பிள் எல்லாம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நம் வீட்டுச் சாப்பாட்டில்தான் ஆபத்து இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் பாயசத்திலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்தத்தைக் கெடுக்கும். சாம்பார் சாதம் பாசம் அல்ல. வேகவைத்த கோழி எலும்பு பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் கொஞ்சம் போனாலும் அவசர சிகிச்சைதான். விருந்தாளிகள் வரும் நாளில் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், சங்கடப்படாதீர்கள்.

கேட்கும் முன்னே கொடுப்பது

மேலே சொன்னதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி என் பழக்கத்தில் இருந்தது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. பட்டாணி அமைதியாகப் படுத்திருக்கும்போது நான் அவனைப் பார்ப்பதே இல்லை. 'அப்பாடா' என்று தைப்பேன். குரைத்தால் பார்ப்பேன், பேர் சொல்லித் திட்டுவேன், கையால் தள்ளுவேன். நாயின் கணக்கில் பார்ப்பதும் பேசுவதும் தொடுவதும் மூன்றும் கவனிப்புதான். குரைத்தால் அம்மா வருவாள் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

அதனால் வரிசையை மாற்றினேன். ஒவ்வொரு பாபின் நூல் தீரும்போதும் மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்வேன். அவன் படுத்திருந்தால் இரண்டு நிமிடம் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்து, ஒரு உருண்டை கொடுத்து, 'போதும்' என்று சொல்லி எழுவேன். நாளில் ஏழெட்டுத் தடவை நடக்கும். நீங்கள் கணினி முன் வேலை செய்கிறவர் என்றால் அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமலே கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் அவன் கேட்பது குறைந்தது.

கூடவே பாய்ப் பழக்கம். மிஷினிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு பழைய மெத்தை விரிப்பை மடித்துப் போட்டேன். அவன் அதில் கால் வைத்தால் ஒரு உருண்டை, படுத்தால் இரண்டு, படுத்தே இருந்தால் சில நொடிக்கு ஒன்று. இதெல்லாம் மிஷின் ஓடாதபோது. நாலைந்து நாள் கழித்து ஐந்து நொடி மிஷினை ஓட்டிப் பார்த்தேன், எழாமல் இருந்தால் பரிசு. பிறகு அரை நிமிடம், பிறகு ஒரு கைப்பக்கம் முழுசாக. உருண்டையை அவன் வாயில் ஊட்டாதீர்கள், முன்னங்கால்களுக்கு நடுவே பாயில் வையுங்கள். தலை கீழே போகும், உடம்பும் தானாகத் தளரும்.

பாயை விட்டு வந்து குரைத்தால்? பார்க்க மாட்டேன், பேச மாட்டேன், உடம்பைத் திருப்பிக்கொள்வேன். இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். முன்பு பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போனால் நாய் உடனே விட்டுவிடாது, முதலில் அதையே பலமாகச் செய்து பார்க்கும். பட்டாணி மூன்றாம் நாளும் நான்காம் நாளும் குரைத்த குரைப்பில் என் தலை வெடித்தது. அந்த உச்சத்தில் பொறுக்க முடியாமல் இறங்கிவந்தால், 'பத்து நிமிடம் விடாமல் குரைத்தால்தான் கிடைக்கும்' என்று அவன் கற்றுக்கொள்வான், பழைய நிலையைவிட மோசம். நான் கீழ்வீட்டு ஆன்டியிடமும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: ஒரு வாரம் பகலில் சத்தம் இருக்கும், பழக்கிக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. சொன்னதால் யாரும் கோபப்படவில்லை. எட்டாம் நாள் இரண்டு குரைப்போடு நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டுப் பாயில் போய்ப் படுத்தான். நான் உடனே மிஷினை விட்டு இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாக் குரைப்பையும் இப்படி விடக்கூடாது. வெளியே போக வேண்டும் என்று கதவருகே நிற்பது, திடீரென்று ஒட்டிக்கொண்டே இருப்பது, சாப்பிடாமல் முனகுவது, நடுங்குவது எல்லாம் வேறு. அது உடம்புக்கு முடியாததாக இருக்கலாம்.

உடம்புக்கு

வழுக்கும் தரையில் பந்து எறிய வேண்டாம். சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் தொந்தரவு சாதாரணமாக வரும், வழுக்கித் திரும்பும்போது அது மோசமாகும். நான் கம்பளம் விரித்து அதன்மேல் கயிறு இழுக்க விடுவேன். மூன்று டி-சட்டைக் கீற்றைப் பின்னிய தடிமனான பின்னல்தான் கயிறு. இழுக்கும்போது கையைத் தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள், தலைக்குமேல் தூக்கினால் கழுத்தில் சுமை விழும். 'விடு' என்றதும் விட்டால் உடனே மறுபடி விளையாட்டு தொடங்கும். பல் கையில் பட்டால் அந்தச் சுற்று முடிந்தது. ஐந்து நிமிடம் போதும். முடிக்கும்போது சட்டென்று நிறுத்தாமல் பத்து உருண்டையைக் கம்பளத்தில் தூவிவிடுங்கள், தேடித் தின்பதற்குள் மூச்சு இறங்கிவிடும். இரவு ஒன்பதுக்குமேல் இது கிடையாது, கீழ்வீட்டில் தூங்குவார்கள்.

வெளி நடையை விட்டுவிடவில்லை, மாற்றிக்கொண்டேன். காலை ஆறரைக்கு முப்பது நிமிடம், மாலை ஏழுக்குமேல் முப்பது நிமிடம். வேகம் அவனுடையது. ஒரு மரத்தடியில் மூன்று நிமிடம் முகர்ந்தாலும் இழுப்பதில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், நம் ஊர் ஈரக்காற்றில் அது சரியாக நடக்காது. அதனால் வெயில் இல்லாத மப்பு நாளிலும் சூடு ஏறலாம். நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். நடைபாதையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அவன் பாதத்தாலும் முடியாது. திரும்பி வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள் பார்த்து உண்ணி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மின்தூக்கி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாடியில் மலாய்க் குடும்பங்கள் இருக்கிறார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்க முறைப்படி கழுவ வேண்டும். யாராவது உள்ளே இருந்தால் நான் அடுத்த தடவைக்குக் காத்திருப்பேன், அல்லது அவனைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பேன். இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தூரத்தில் நின்று 'பட்டாணி' என்று கூப்பிட்டுக் கையசைக்கிறார்கள்.

கயிறில்லாமல் ஓட பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் வேலி போட்ட நாய்த் திடல் இருக்கிறது. ரயிலிலோ பேருந்திலோ ஏற்ற மாட்டார்கள், செல்லப்பிராணி ஏற்றும் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, அதுவும் கூட்டமில்லாத காலையில் போகிறோம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழையிலும், புகைமூட்ட நாட்களிலும் நடையைக் குறைத்துத் தேடல் விளையாட்டை ஒன்றுக்கு மூன்றாக்கிவிடுவேன். எதுவானாலும் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை திரை மூடி, மின்விசிறி போட்டுத் தூக்கம். வளர்ந்த நாய் நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் தூங்க வேண்டும். மாலையில் வீட்டைச் சுற்றிப் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடிக் காலைக் கடிக்க வந்தால், பாதி நாள் அது தூக்கம் கெட்ட குழந்தையின் அழுகைதான். இன்னொரு விளையாட்டு கொடுக்காமல் இருட்டறை கொடுத்துப் பாருங்கள்.

இப்போது பழக்கிக்கொண்டிருப்பது அழைப்புமணி. தீபாவளிக்கு முன் என் வீட்டுக்கு நாளுக்குப் பத்துப் பேராவது அளவு கொடுக்க வருவார்கள், கையில் புதுப் பட்டுத் துணி இருக்கும். மகள் வெளியே போய் மணி அடிப்பாள், நான் அதே நொடி பாயில் ஐந்து உருண்டை போடுவேன். கதவு திறக்காது. இப்படி நாளுக்குப் பத்துத் தடவை. பிறகு மணி, பாய், கதவு ஒரு விரற்கடை. பிறகு பாதி. எழுந்தால் கதவு மறுபடி மூடிக்கொள்ளும். ஐந்தில் மூன்று தடவை பாய்க்குப் போகிறான், இரண்டு தடவை இன்னும் கதவுக்குத்தான் ஓடுகிறான். அதனால் மர வேலித்தடுப்பை இன்னும் எடுக்கவில்லை. வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: "அவனைப் பார்க்காம உள்ள வாங்கக்கா, முதல்ல அளவு எடுத்துடுவோம். நாலு காலும் தரையில இருக்கும்போது கூப்பிட்டுத் தொடுங்க, குதிச்சா கையை எடுத்துடுங்க." பலர் அப்படியே செய்கிறார்கள்.